அம்மா முதலில் உண்ட இலை

கண்ணு, இந்தக் கடிதத்தில் வருபவை இவை:

1. அம்மாவை ஒரு மாதம் மூணாறு மலையில் நீ இருக்கும் பள்ளிவாசல் ஊருக்கு அனுப்பச் சொல்லி நீ கேட்டதும், நான் சரியாகப் பதில் சொல்லாமல் போனை வைத்ததும்.
2. சாதாரணக் கொரோனா வைரஸ்கள் எவை, யாருக்கு எப்படி வருகின்றன என்பது.
3. உன் அம்மாவைப்போலச் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கு அவை மற்றவர்களைவிட அடிக்கடி வருகின்றன என்பது.
4. உன் கல்யாணத்தன்று காலை நம் வாசலில் நடந்தது. உன்னைத் தள்ளி நிறுத்தியிருந்ததால் உனக்குப் பாதிதான் தெரியும்.
5. அதிலிருந்து நீயும் நம் மருமகள் கயலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுவது.
6. அம்மா வரலாமா, வேண்டாமா.

இப்படி வரிசை போட்டு ஆரம்பித்திருப்பதைப் பார்த்து நீ சிரிப்பாய். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்த்த காலம் முழுவதும் எதையும் வரிசைப்படி செய்து பழகிவிட்டேன். வரிசை இல்லாவிட்டால் எனக்கு என் மேலேயே நம்பிக்கை வருவதில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களின் வீட்டார் மாதம் ஒருமுறை கூடுகிறோம் அல்லவா, அங்கே உன் கல்யாணக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். நின்று பேச எனக்குத் தைரியம் இல்லை. உனக்கு எழுதி, அதையே அங்கே வாசிக்கக் கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆகவே உனக்குத் தெரிந்த சில விஷயங்களை இதில் மறுபடியும் விளக்கியிருந்தால் பொறுத்துக்கொள்.

முதலாவதுக்கு வருகிறேன். போன வாரம் நீ போன் செய்து, மழை தொடங்கிவிட்டது, மின்நிலையத்தில் உனக்கு இரவுப் பணி கூடிவிட்டது, கயல் தனியாக இருக்கிறாள், அம்மா வந்து ஒரு மாதம் இருக்கட்டும் என்றாய். ஸ்பீக்கரில் உன் குரல் கேட்டதுமே உன் அம்மா அலமாரியைத் திறந்து ஸ்வெட்டரைத் தேட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு மட்டும் கயல் வேலை செய்யும் மழலையர் பள்ளி கண் முன்னால் வந்து நின்றது. எஸ்டேட் குழந்தைகள், மழைக்காலம், அத்தனை மூக்குகளும் ஒழுகுகின்றன. அந்தக் குழந்தைகளைத் தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டு மாலையில் கயல் வீட்டுக்கு வருகிறாள். வீட்டில் உன் அம்மா. "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் அம்மா ஸ்வெட்டரைக் கையில் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பைக் குரல் உயர்த்தாமல் அடக்கிய கணக்கு டீச்சர் அவள். அந்தப் பார்வை என்ன செய்யும் என்பது உனக்குத் தெரியும்.

இரண்டாவது. கொரோனா என்றால் உலகத்தைப் பூட்டிவைத்த அந்த ஒன்றுதான் எல்லோருக்கும் நினைவு வரும். அதற்கு முன்பிருந்தே மனிதர்களோடு வாழ்ந்துவரும் வேறு நால்வர் அதே குடும்பத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல பெயர்கூட யாரும் வைக்கவில்லை, எழுத்தும் எண்ணுமாக ஒரு குறி மட்டும். மழை தொடங்கியதும், குளிர் வந்ததும் நமக்கு வரும் சளியில் ஒரு பங்கு அவர்களுடையது. குழந்தைகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே பெரும்பாலும் நால்வரையும் பார்த்துவிடுவார்கள். குழந்தைகள் வார்டிலிருந்து வரும் மாதிரிகளில் பல நேரம் இவர்கள் இன்னொரு வைரஸோடு கைகோத்து வருவார்கள். எது காய்ச்சலைக் கொடுத்தது, எது சும்மா உடன் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. உன்னைப் போன்ற திடமான ஆட்களுக்கு ஒரு முறை வந்ததால் மறுமுறை வராது என்றில்லை. உடம்பு கற்றுக்கொண்டதைக் கொஞ்ச நாளில் மறந்துவிடும், அவர்களும் திரும்பி வருவார்கள். மூக்கு ஒழுகும், தொண்டை கரகரக்கும், போய்விடும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. வயதானவர்கள், நுரையீரல் ஏற்கெனவே பழுதானவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், மாற்று உறுப்போடு வாழ்பவர்கள் ஆகியோரிடம் அதே வைரஸ் சில நேரம் மூக்கோடு நிற்பதில்லை. மார்புக்குள் இறங்கும். வந்தது சீக்கிரம் போகாது.

மூன்றாவதும் இதனோடு சேர்ந்ததே. நான் வேலை பார்த்த மேசையில் மாற்றுச் சிறுநீரக வார்டிலிருந்து வந்த மாதிரிகளில் இந்த நால்வரில் ஒருவரை அடிக்கடி பார்த்திருக்கிறேன். புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து, உடம்பின் காவல்காரனைத் தூங்கவைக்கிறது. காவல் தூங்கும் வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் நுழைவார்கள். ஆகவே உன் அம்மா போன்றவர்களுக்கு இது நம்மைவிட அடிக்கடி வருகிறது. எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் உண்டு, இதில் மட்டும் கிடையாது. ஏனென்றால் இது என் கண்ணால் கண்டது.

இனி நான்காவது. உன் கல்யாணத்துக்கு நீ பள்ளிவாசலிலிருந்து நம் ஊர் நல்லேப்பிள்ளிக்கு வந்து இறங்கியபோதே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாய். "மலையில குளிருங்கப்பா" என்றாய். நான் பழைய ஆய்வக நண்பரிடம் சளி மாதிரி எடுக்கும் குச்சி வாங்கிவந்து உன் மூக்கில் விட்டபோது, "சளிக்குப் போயி டெஸ்டுங்களா? கல்யாண மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசுவாங்க, நீங்க குச்சி உடறீங்க" என்று கேலி செய்தாய். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை முடிவு வந்தது. பெரிய கொரோனா இல்லை. ஆனால் நால்வரில் ஒருவர் இருந்தார். உன் அம்மாவின் சிறுநீரக மருத்துவரைக் கூப்பிட்டு, மறுநாள் காலைச் சடங்கையும் சொன்னேன். பையன் தள்ளி இருக்கட்டும், முகக்கவசம் போடட்டும், தாயும் மகனும் ஒரே இலையில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டாம் என்றார்.

அந்தக் கடைசி வரிதான் என் தலையில் விழுந்தது. நம் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை மண்டபத்துக்குக் கிளம்பும் முன் தாயும் மகனும் ஒரே இலையில் உண்ண வேண்டும். பெற்றவளோடு பிரம்மச்சாரியாக உண்ணும் கடைசிச் சோறு அது. அது இல்லாமல் யாரும் வாசல் தாண்டியதில்லை. அதற்கு முன்நிற்கக் காலையிலேயே பட்டுத் துண்டு போட்டு நின்றவர் உன் பெரிய மாமா. உன் அம்மாவின் அண்ணன் என்பதால் அவருக்கு உள்ள உரிமை ஒன்று. அவளுக்குச் சிறுநீரகம் கொடுத்தவர் என்பதால் உள்ள உரிமை இன்னொன்று. அந்த மனிதரிடம் போய் நான் சொல்ல வேண்டும். வாழ்நாளெல்லாம் முடிவுகளைத் தாளில் எழுதி ஒரு சிறு ஜன்னல் வழியாக நீட்டியவன் நான். அதை வாங்கிக்கொண்டவரின் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

அவர் காதருகே போய் மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்கு மெதுவாகப் பேச வராது.

"என்னதுங்க மாப்ள, கொரோனாவா?"

பந்தல் முழுவதும் கேட்டது. பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்தார்கள். "பையனுக்குக் கொரோனாவாமா" என்று சமையல் கொட்டகை வரைக்கும் போய்விட்டது. போட்டோக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய், அங்கிருந்தே ஜூம் செய்து எடுத்துத் தருவதாகச் சொன்னார். நீ மாட்டுக்கொட்டகை ஓரத்தில் பட்டு வேட்டியோடும் முகக்கவசத்தோடும் நின்றுகொண்டிருந்தாய். கொஞ்ச நேரத்தில் விஷயம் எட்டி, பக்கத்துச் சித்தூரில் கல்யாண மண்டபத்திலிருந்து உன் மாமனார் ஆட்டோவில் வந்து இறங்கினார். சாந்தன்பாறை ஏலக்காய்த் தோட்டத்து மனிதர், எதையும் நேராகக் கேட்பவர்.

"என்ன சம்மந்தி, மண்டபத்துல பொண்ணு தலை சீவி உக்காந்திருக்கு. எங்க சனம் பூராம் மூஞ்சியில துணியக் கட்டிக்கிட்டு, கொள்ளைக்கு வந்தவய்ங்க மாதிரி நிக்கிது. உள்ளதச் சொல்லுங்க. இது அந்த நோயா?"

இந்தப் பக்கம் உன் பெரிய மாமா. "ஏனுங்க மாப்ள, என்ர தங்கச்சி வவுத்துல இருக்கறது என்ர கிட்னி. அதுக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? சளிக்குப் பயந்துட்டு, பெத்தவ கூட உண்ணாம ஒரு மாப்பிள்ளை கெளம்புனான்னா நாளைக்கி ஊருக்குள்ள எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நடக்கறதுங்க?"

கண்ணு, அப்போது எனக்கு ஓடிப்போக வேண்டும் போலத்தான் இருந்தது. ஒருவர் தேவைக்கு மேல் பயப்படுகிறார், ஒருவர் தேவையான அளவுக்குக்கூடப் பயப்படவில்லை. இருவருக்கும் காட்ட என்னிடம் இருந்தது ஒரே முடிவு. நடுவில் போய் நின்றேன். நாற்காலியில் ஏறச் சொன்னார்கள். நான் தரையிலேயே நின்றேன்.

"ரெண்டு விஷயமுங்க" என்று ஆரம்பித்தேன். "மொதல் விஷயம், இது அந்த நோய் இல்லீங்க. அதையும் தனியாப் பாத்தாச்சு, இல்லைன்னு வந்திருச்சு. இது சாதாரணச் சளி. நம்ம எல்லார் மூக்குக்கும் வந்து போனதுதான். சம்மந்தி, போன மழைக்கு உங்களுக்கு வந்த சளிகூட இதுவா இருந்திருக்கலாம். ஆரும் பாக்கலை, அதனால தெரியலை. கல்யாணம் தாராளமா நடக்கலாமுங்க. ரெண்டாவது விஷயம், இவளுக்கு மட்டும் இது சளியில்லீங்க. இவ மார்ல எறங்குச்சுன்னா, நாம இன்னிக்கிக் கட்டுன மாலை வாடறதுக்குள்ள ஆஸ்பத்திரியில நிப்போம்."

"ஒரு வாயில பயப்படாதீங்கங்கறீங்க, ஒரு வாயில பயப்படுங்கங்கறீங்க. நாங்க எதுல நிக்கறதுங்க?" என்றார் பெரிய மாமா.

"ரெண்டுலயும் நில்லுங்க மச்சான்" என்றேன். யாரோ சிரித்தார்கள். நான் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சம் மூச்சு கொடுத்தது. வேண்டாம் என்று மட்டும் சொன்னால் அவர் கேட்கமாட்டார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவருக்கு நெல் தெரியும், தண்ணீர் தெரியும். அந்த வழியாகப் போனேன்.

"மச்சான், உங்க மேல்வயல் தண்ணி கீழ்வயலுக்குப் பாயுதுங்களா?"

"பாயும். அதுக்கென்னங்க இப்ப?"

"கீழ்வயல் தண்ணி மேல ஏறுதுங்களா?"

"அதெப்புடீங்க ஏறும்?"

"அவ மேல்வயலுங்க. பையன் கீழ்வயல். அவ மொதல்ல வந்து தனியா உக்காந்து உண்ணட்டும். பாதிச் சோத்தை இலையிலேயே வெச்சுட்டு எந்திரிச்சுத் தள்ளிப் போகட்டும். அப்பறம் பையன் வந்து அதே இலையில மீதிய உண்ணட்டும். அவகிட்ட இருந்து அவனுக்கு எது போனாலும் போகட்டும். அவன்கிட்ட இருந்து அவளுக்கு ஒண்ணும் ஏறக்கூடாது."

நம் பக்கத்துக் கல்யாணச் சடங்குகளை முறைப்படி நடத்தித்தரும் பெரியவரான அருமைக்காரரை எல்லோரும் பார்த்தார்கள். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, "ஒரே இலைங்கறதுதான் மொறை. ஒரே நேரம்னு ஆரு சொன்னாங்க?" என்றார்.

பெரிய மாமா பட்டுத் துண்டை உதறி மறுதோளில் போட்டார். அப்போது உள்ளேயிருந்து உன் அம்மாவின் குரல். "பேசி முடிச்சாச்சுங்களா? சோறு ஆறிப்போச்சு. மேல்வயலுக்குப் பசிக்குது."

சிரிப்பில் பந்தல் அதிர்ந்தது. உன் மாமனார் அவ்வளவு சத்தமாகச் சிரித்து அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. திறந்த வாசலில் தலைவாழை இலை போட்டார்கள். உன் அம்மா வந்து உட்கார்ந்து சோறும் தயிரும் பிசைந்து உண்டாள். அவசரமே இல்லாமல் உண்டாள். நீ கொட்டகை ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். பாதியை உருட்டி இலையின் நடுவில் வைத்து, பழத்தில் பாதியைப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து, முற்றத்தின் மறுகோடிக்குப் போய் நின்றாள். பிறகு நீ வந்து உட்கார்ந்தாய். முகக்கவசத்தைக் கழற்றினாய், முதல் உருண்டையை எடுத்ததும் அழுதாய். "மூக்கைத் தொடைச்சுட்டு உண்ணு சாமி" என்று அவள் அங்கிருந்து கத்தினாள். போட்டோக்காரர் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. உன் ஆல்பத்தில் இருக்கும் அந்தப் படத்தில், ஒரு கோடியில் அவள், நடுவில் இலையோடு நீ, இடையில் கையைப் பிசைந்துகொண்டு நான்.

மண்டபத்தில் காற்று வரும் பக்கம் முன்வரிசையில் அவளை உட்காரவைத்தோம். நீ தாலி கட்டியதை அவள் கண் நிறையப் பார்த்தாள். அடுத்து வந்த நாட்களில் தினமும் அவளுக்கு வெப்பமானி வைத்தேன். காய்ச்சல் வரவில்லை, இருமல் வரவில்லை. மாத இறுதியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் அண்ணன் கொடுத்த சிறுநீரகம் எப்போதும்போல வேலை செய்துகொண்டிருந்தது. அந்தத் தாளை வாங்கியதும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்று, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கையை மேலே தூக்கினேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்: ஜெயித்தோம், கண்ணு. கல்யாணமும் நின்றுபோகவில்லை, சடங்கும் விட்டுப்போகவில்லை, அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்று அன்று காலை அங்கே இருந்த எல்லோரும் நினைத்தார்கள். பெரிய மாமா இன்றைக்கும் சந்தையில் பார்ப்பவர்களிடமெல்லாம், "எங்க மாப்ள பேசமாட்டாரு. பேசுனாருன்னா கலெக்டரே நாற்காலியப் போட்டு உக்காந்து கேக்கோணும்" என்று சொல்லித் திரிகிறாராம். நான் சந்தைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டுவிட்டேன்.

ஐந்தாவது. அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஒரு நோயைப் பற்றி யாராவது "இது ஒன்றுமில்லை" என்றாலோ, "இது பயங்கரம்" என்றாலோ, யாருக்கு என்று கேள். அந்தக் கேள்வி இல்லாமல் இரண்டு பேச்சுக்கும் அர்த்தம் இல்லை. உன் வீட்டிலேயே பார். உனக்கு ஒரு கைக்குட்டையோடு முடிந்துபோவது அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலாகலாம், நாளைக்கு ஒரு பச்சைக்குழந்தை வந்தால் அதற்கு இன்னொரு மாதிரி. ஆகவே மூக்கு ஒழுகினால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். கயல் பள்ளியிலிருந்து வந்ததும் கை கழுவி உடை மாற்றட்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், மலைக்குளிர் என்று அடைத்து வைக்காதீர்கள். இன்னொன்று, எதையாவது தடுக்க வேண்டி வந்தால், வெறுமனே வேண்டாம் என்று சொல்லி நிறுத்தாதே. எப்படிச் செய்யலாம் என்பதையும் கையில் வைத்துக்கொண்டு போ. என்னைப் போல் குரல் சிறுத்தவனுக்கும் அப்போது ஊர் காது கொடுக்கிறது.

ஆறாவது. நான் எடுத்திருந்த முடிவு இதுதான்: மூன்றாவதில் சொன்னபடி அவளுக்கு இது அடிக்கடி வருவதால், மழைக்காலம் முழுவதும் வேண்டாம், பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் வந்து போகட்டும். இதுவரை எழுதிவிட்டு, படித்துப் பார்க்கச் சொல்லி உன் அம்மாவிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விடைத்தாள் திருத்துவதுபோல் படித்தாள். கல்யாணக் கதையில் சிரித்தாள். பிறகு மூன்றாவதுக்குத் திரும்பிப் போய், விரலை வைத்தாள்.

"ஏனுங்க, எனக்கு ஒரு தும்மல் வந்தா என்ன பண்ணறீங்க?"

"டெஸ்டுக்கு எடுப்பேன்."

"உங்களுக்கு வந்தா?"

"சுக்குத் தண்ணி."

"அப்பறம் எனக்குத்தான் அடிக்கடி வருதுன்னா எப்புடீங்க? தேடுன பக்கமெல்லாம் கெடைக்குது, தேடாத பக்கம் இல்லைன்னு எழுதறீங்க. எட்டாங்கிளாஸ் பையன் இப்படிக் கணக்குப் போட்டிருந்தா நான் பெஞ்சு மேல நிக்க வெச்சிருப்பேன்."

நான் வாதாடிப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து, என் மேசைக்கு வந்த மாதிரிகளை நினைவுக்குக் கொண்டுவந்தேன். மாற்றுச் சிறுநீரக வார்டில் யார் இருமினாலும் உடனே அனுப்புவார்கள். குழந்தைகள் வார்டிலிருந்து, மூச்சுத் திணறிச் சேர்க்கப்பட்டவர்களுடையது மட்டும் வரும். சளியோடு வேலைக்குப் போனவர்கள், வயலில் நின்றவர்கள், கடை நடத்தியவர்கள் ஆகியோருடையது ஒன்றுகூட வந்ததில்லை. ஆகவே என் கண்ணால் கண்டதை வைத்து, யாருக்கு அடிக்கடி வருகிறது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. அவளைப் போன்றவர்களிடம் அது நீண்ட நாள் தங்கலாம், ஆழமாக இறங்கலாம், அதில் மாற்றமில்லை, அதற்கான கவனமும் குறையக்கூடாது. ஆனால் ஊரில் உள்ள சளியெல்லாம் அவளைத் தேடி வருவதுபோல நான் இத்தனை வருடம் கதவை மூடி வைத்ததற்குக் காரணம் அவள் உடம்பு இல்லை. என் குச்சிதான்.

மருத்துவரிடம் கேட்டேன். மருந்தைத் தவறவிடாமல், ஐந்தாவதில் எழுதியபடி கவனமாக இருந்தால் தாராளமாகப் போய் இருக்கட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை உடுமலை வழியாக மூணாறு பஸ்ஸில் அம்மா வருகிறாள், ஒரு மாதத்துக்கு. பஸ் நிலையத்தில் நீயும் கயலும் நில்லுங்கள். மூன்றாவதில் நான் எழுதியது தவறு.